வாங்குபவர் எவ்வளவு மெனக்கெடுவார்?

சொந்தமாக ஒரு பொருளைத் தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதுதான். மதுரையில் ஒரு ஸ்டாக்கிஸ்டிடம், அதாவது நிறுவனங்களின் சரக்கை வாங்கிக் கடைகளுக்கு விநியோகிப்பவரிடம், விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்து, பின்னர் வெவ்வேறு நிறுவனங்களுக்காகத் தென்மாவட்டக் கடைகளில் ஏறி இறங்கியவன் என்ற முறையில், அதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். உங்கள் பொருளை வாங்குவதற்கு ஒருவர் எவ்வளவு தூரம் மெனக்கெடுவார்? தெருமுனைக் கடையில் இல்லையென்றால் இருப்பதை வாங்கிக்கொண்டு போய்விடுவாரா, நான்கு கடை ஏறி விலை விசாரிப்பாரா, ஊர் விட்டு ஊர் வந்தாவது அதுதான் வேண்டும் என்பாரா, அல்லது அப்படியொரு பொருள் தனக்குத் தேவை என்றே நினைக்காமல் இருப்பாரா? இதற்கு விடை தெரியாதவரை, எங்கே எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்யவே முடியாது.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் மெல்வின் கோப்லாண்ட் 1923இல் நுகர்பொருட்களை இந்தக் கோணத்தில்தான் மூன்றாகப் பிரித்தார். ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது, எதற்குப் பயன்படுகிறது என்பதை விட்டுவிட்டு, அதை மக்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதை அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். கைக்கெட்டிய இடத்தில் கிடைப்பதால் வாங்கப்படுபவை, ஒப்பிட்டுப் பார்த்து வாங்கப்படுபவை, தனி நாட்டத்தால் தேடிச் சென்று வாங்கப்படுபவை என்ற அந்தப் பிரிவினையோடு, யாரும் தாமாகத் தேடாத பொருட்கள் என்ற நான்காவது வகையைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். வணிகவியல் வகுப்புகளில் இது மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலாகவே சொல்லித்தரப்படுவதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் கடைத்தெருவில் நின்று பார்க்கும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள அறிவு அதிகம் இல்லை.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். சோப்பு, பற்பசை, பிஸ்கட், தீப்பெட்டி, உப்பு ஆகியவற்றை வாங்க யாரும் மெனக்கெடுவதில்லை. எங்கள் பக்கத்து அண்ணாச்சி கடைகளில் வாடிக்கையாளர் உள்ளே போய்ப் பொருளை எடுக்க முடியாது. பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும், அந்தப் பக்கம் இருப்பவர் எடுத்துத் தருவார். "அண்ணாச்சி, துணி சோப்பு ஒண்ணு" என்று ஒரு சிறுமி கேட்கும்போது, அவர் எழுந்து போகாமல் கையை நீட்டினால் எது அகப்படுகிறதோ அதுதான் விற்கும். கேட்ட பெயர் இல்லையென்றால், "இதை எடுத்துட்டுப் போம்மா, இதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்று அவர் சொல்லிவிட்டால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தொலைக்காட்சியில் கோடிக்கணக்கில் செலவழித்த நிறுவனம் அந்த ஒரு நிமிடத்தில் தோற்றுவிடுகிறது, அதுவும் கடைகளுக்குச் சரக்கு இறக்க வாரம் ஒருமுறை வர வேண்டிய லைன் வண்டி அந்த வாரம் வரவில்லை என்ற ஒரே காரணத்தால்.

ஆகவே இவ்வகைப் பொருட்களுக்கு விநியோகமே சந்தைப்படுத்தல். சேல்ஸ்மேன் கடைக்குள் நுழைந்ததும் பார்ப்பது, ஷாம்புச் சரம் எந்த ஆணியில் தொங்குகிறது என்பதைத்தான். கல்லாப்பெட்டிக்கு நேர் மேலே, நிற்பவரின் கண்மட்டத்தில் இருக்கும் ஆணிக்காகப் பெரிய நிறுவனங்களின் ஆட்கள் போட்டி போடுவார்கள். கொஞ்சம் தள்ளி, ஊறுகாய்ச் சரத்துக்குப் பின்னால் மாட்டப்பட்ட சரம் வெயிலில் வெளுத்துத் தூசி படிந்து அப்படியே இருக்கும். டஜனுக்கு ஒன்று இலவசம் என்ற ஸ்கீமும், சரக்கை இன்று இறக்கிவிட்டு அடுத்த நடையில் பணம் வாங்கிக்கொள்ளும் கடனும், எலி கடித்த பாக்கெட்டை முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொள்வதும் பொதுமக்கள் கண்ணில் படாத வேலைகள், ஆனாலும் சோப்பும் பிஸ்கட்டும் விற்பது அவற்றால்தான். விளம்பரத்துக்கும் பங்கு உண்டு, பெயர் நினைவில் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு. அதற்குமேல் அது விளக்கிச் சொல்ல ஏதுமில்லை, கேட்க வாங்குபவருக்கு நேரமும் இல்லை.

விலையும் இங்கே வேறு விதமாகத்தான் முடிவாகிறது. உற்பத்திச் செலவையும் லாபத்தையும் கூட்டி வரும் தொகை இங்கே செல்லாது. கையில் இருக்கும் நாணயத்துக்குப் பொருந்த வேண்டும். தீப்பெட்டியைப் பாருங்கள். 2007இல் 50 காசிலிருந்து 1 ரூபாய்க்கு வந்த தீப்பெட்டி, மூலப்பொருட்களின் விலை ஏறிக்கொண்டே போனபோதும் 14 ஆண்டுகள் அதே 1 ரூபாயில் நின்றது. சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்து உற்பத்தியாளர்களில் யாராவது ஒருவர் மட்டும் விலையைக் கூட்டியிருந்தால், பெட்டிக்கடைக்காரர் பேசாமல் அடுத்தவரின் பெட்டியை எடுத்து நீட்டியிருப்பார். அதனால்தான் அனைவரும் கூடிப் பேசி, 2021 டிசம்பர் 1 முதல் ஒரே நாளில் 2 ரூபாய்க்கு ஏற்றினார்கள். ஒன்றரை ரூபாய் என்ற இடைப்பட்ட விலைக்குச் சில்லறை இல்லை. 2025 செப்டம்பர் 22இல் பிஸ்கட்டுக்கும் ஷாம்புக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோதும் இதே சிக்கல் தலைகீழாக வந்தது. 5 ரூபாய் பாக்கெட்டை நாலரைக்கும் கொஞ்சம் குறைவாக விற்றால் மீதிச் சில்லறைக்குக் கடைக்காரர் எங்கே போவார்? விலையை அப்படியே வைத்துக்கொண்டு எடையைக் கூட்டித் தருவதுதான் நடைமுறைக்கு ஒத்தது என்று நிறுவனங்கள் வாதிட்டன. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் விலை ஏறும் காலத்தில் இதே நிறுவனங்கள் பாக்கெட்டின் எடையைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வந்ததையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அன்றாடப் பொருளை வாங்குபவர் எடையைப் படித்துப் பார்ப்பதில்லை என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

ஒரு பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பது அதன் பிறவிக் குணம் அல்ல. இதற்குக் கடலூரில் பிறந்த ஷாம்பு பாக்கெட்டைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன். ஷாம்பு கண்ணாடிப் புட்டியிலும் பிளாஸ்டிக் புட்டியிலும் மட்டும் கிடைத்த காலத்தில், அதை வாங்குவது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கே யோசித்துச் செய்யும் செலவு. கூலி வேலை செய்பவர்களும் வாங்கும்படி அதைச் சிறு பாக்கெட்டில் அடைக்க வேண்டும் என்று முனைந்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன்கள் வெல்வெட் ஷாம்புவை நடத்தினார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில், தந்தையின் பெயரெழுத்துக்களைக் கொண்டு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பிற்காலத்தில் கெவின்கேர் ஆன நிறுவனம் அதுதான்.

பாக்கெட்டுக்குள் இருந்தது அதே ஷாம்புதான். ஆனால் ஒரு குளியலுக்கான அளவும், நாணயத்தில் அடங்கும் விலையும், மளிகைக் கடை ஆணியில் ஓர் இடமும் கிடைத்தவுடன், யோசித்து வாங்கிய பொருள் யோசிக்காமல் வாங்கும் பொருளாகிவிட்டது. அதன் பின்னர் சிக் செய்த ஒரு காரியத்தை இன்றும் வியப்போடு நினைக்கிறேன். எந்த நிறுவனத்தின் காலி ஷாம்பு பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். மக்கள் பழகியதும், இனி காலி சிக் பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். ஷாம்பு போடுபவர் யார் என்பதைக் காலி பாக்கெட்டே காட்டிக்கொடுத்தது. மாற்றிக் கொடுக்கும் வேலைக்காகவே கடைக்காரர் சிக்கை வாங்கி வைக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் அடுத்த முறை பெயர் சொல்லிக் கேட்டார். பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து இந்த மூன்றையும் ஒருசேரச் சாதித்திருக்க முடியாது. அந்தக் காலி பாக்கெட்டுகள் இன்று சாக்கடைகளை அடைத்துக்கொண்டிருப்பதும் இந்த வெற்றியின் ஒரு பகுதிதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்கான பொறுப்பை எந்த நிறுவனமும் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் செயலிகள் பெருநகரங்களில் அண்ணாச்சியின் கையை அகற்றிவிட்டுத் தேடல் பட்டியலை அந்த இடத்தில் வைத்திருக்கின்றன. பட்டியலின் முதல் வரிக்குப் பணம் கட்டுவது அந்தப் பழைய ஆணிக்கான போட்டியேதான். ஒரு வேறுபாடு உண்டு. ஆணியைச் சின்ன நிறுவனத்தின் சேல்ஸ்மேன்கூடப் பழக்கத்தால் பெற முடிந்தது.

இரண்டாம் வகைக்கு வந்தால் இந்த விதிகள் அத்தனையும் மாறிவிடுகின்றன. கல்யாணப் புடவைக்கோ நகைக்கோ தெருமுனைக் கடை தேவையில்லை. சொல்லப்போனால், தெருமுனையில் இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். வாங்குபவர் ஒப்பிட விரும்புகிறார், ஆகவே ஒப்பிட வசதியாகக் கடைகள் ஒன்றையொன்று ஒட்டியே அமைகின்றன. தியாகராய நகரிலும் காஞ்சிபுரம் காந்தி சாலையிலும் ஒரு பட்டுக்கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டுக்கடை இருப்பது இரண்டுக்கும் ஆதாயம். பெண்ணின் தாய், அத்தை, சித்தி, தோழி என்று ஒரு குழுவே வந்து உட்கார்ந்து, விரித்த புடவைகள் மலையாகக் குவிந்த பிறகு, அதில் ஒன்றை வாசல் வரை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்து, "இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வரோம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் சலிப்பைக் காட்டாத விற்பனையாளர்தான் அந்தக் கடையின் உண்மையான விளம்பரம். திரும்பி வருபவர்கள் அவரைத் தேடித்தான் வருகிறார்கள். அவருடைய பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் செலவிடாமல், நடிகைக்கும் சுவரொட்டிக்கும் மட்டும் செலவிடும் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நகையில் இந்த ஒப்பீடு இன்னும் கூர்மையானது. தங்கத்தின் அன்றைய கிராம் விலை கடைக்குக் கடை பெரிதாக மாறுவதில்லை. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டதால், 916 என்றால் எல்லாக் கடையிலும் 916தான் என்ற நிலை வந்துவிட்டது. மீதி இருப்பது சேதாரமும் செய்கூலியும். ஆகவே போட்டி முழுவதும் அந்த இடத்துக்கு நகர்ந்தது. லலிதா ஜுவல்லரியின் உரிமையாளர் கிரண்குமார் தாமே திரையில் தோன்றி, எங்கள் நகையையும் விலையையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்ன விளம்பரம், இந்த வகைப் பொருளின் நாடியைச் சரியாகப் பிடித்த விளம்பரம். எப்படியும் ஒப்பிடப் போகிறவரிடம் ஒப்பிடாதே என்று கெஞ்சுவதைவிட, ஒப்பிட்டுப் பார் என்று தானே அனுப்பிவைப்பது நம்பிக்கையைத் தருகிறது. இதையே சோப்புக்குச் செய்திருந்தால் அபத்தமாக இருந்திருக்கும். எந்தச் சோப்புக்காகவும் எவரும் மூன்று கடை ஏறப்போவதில்லை.

இதே தொழிலில் இருக்கும் பதினொரு மாத நகைச்சீட்டு, ஒப்பீட்டை மறுமுனையிலிருந்து கையாளும் உபாயம். மாதாமாதம் பணம் கட்டிய கடையில்தான் கடைசியில் நகை எடுக்க வேண்டும் என்பதால், நகையைப் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பாகவே கடை முடிவாகிவிடுகிறது. கட்டுபவருக்குச் சேமிக்கும் ஒழுக்கம் கிடைக்கிறது, கடைக்கு முதலீடும் உறுதியான வாடிக்கையாளரும் கிடைக்கிறார்கள். ஆயினும், சேரும்போதே சேதாரச் சலுகை எந்தெந்த நகைக்குப் பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று என் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் ஒப்பிடும் உரிமையை முன்கூட்டியே ஒப்படைத்தவருக்குப் பிறகு பேரம் பேச இடமில்லை.

மிக்ஸி, கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி ஆகியவையும் ஒப்பிட்டு வாங்கப்படுபவையே, ஆனால் அவற்றில் முக்கியமானதைக் கடையில் ஒப்பிட முடியாது. எத்தனை வாட் மோட்டார், எத்தனை ஜார் என்று பார்க்கலாம். ஐந்தாவது ஆண்டில் அந்த மோட்டார் எப்படி ஓடும் என்பதை யாரால் பார்க்க முடியும்? அந்த அச்சத்துக்கு நேராகப் பதில் சொன்னதால்தான் "ப்ரீத்திக்கு நான் கியாரண்டி" என்ற ஒற்றை வாக்கியம் தமிழ்நாட்டில் இத்தனை காலம் நிலைத்தது. பட்டுப்புடவைக்குத் தேவைப்படாத உத்தரவாதமும் சர்வீஸ் சென்டரும் இங்கே பொருளின் பாதி.

தனி நாட்டத்தால் வாங்கப்படும் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் நம்மில் மிகச் சிலரே அவற்றைத் தயாரிக்கும் நிலையில் இருக்கிறோம். 1950களின் நடுப்பகுதி முதல் சென்னைக்கு அருகே திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட்டை எண்ணிப் பாருங்கள். அதை விரும்புபவர் மைலேஜை வேறு வண்டியோடு ஒப்பிடுவதில்லை. மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருப்பார். அவரிடம் தள்ளுபடி என்று பேசினால் அந்த வண்டியின் மதிப்பு அவர் மனத்தில் குறையும். நிறுவனம் இமயமலைப் பயணங்களையும் கோவாவில் ஆண்டுதோறும் ஓட்டுநர் கூடலையும் நடத்துவது இதைப் புரிந்துகொண்டதால்தான். ஏற்கெனவே வாங்கியவரைக் கொண்டாடினால், வாங்காதவர் தாமாக வருவார்.

நான்காம் வகை எனக்கு மிகுந்த கவலை தருவது. ஆயுள் காப்பீட்டை யாரும் காலையில் எழுந்து தேடிப் போவதில்லை. தன் மரணத்தைப் பற்றி எண்ண விரும்பாதவரிடம் எந்தப் பலகையும் எந்த ஆணியும் பயன்படாது. ஒரு மனிதர் நேரில் போய் உட்கார்ந்து பேச வேண்டும். 1956 செப்டம்பர் 1இல் எல்.ஐ.சி. உருவான நாள் முதல் அதன் உயிர்நாடி முகவர்கள்தான். முகவர் பெரும்பாலும் உறவினராகவோ, உடன் வேலை பார்த்தவராகவோ, பிள்ளையின் ஆசிரியராகவோ இருப்பார். பிப்ரவரி, மார்ச்சில் வந்து, "மாமா, வரிக்கு எப்படியும் காட்டணும்ல, ஒரு பாலிசி போட்டுருங்க" என்று சொல்லும்போது மறுப்பது கடினம். புதிய வருமான வரி முறையில் பிரீமியத்துக்கான வரிக் கழிவு இல்லாததால், இந்தப் பேச்சுக்கு இருந்த வலு இப்போது குறைந்துவருகிறது.

நேரில் பேசி விற்பது தவறில்லை. இந்தப் பொருளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் தேவையை உணராத ஒருவருக்கு விற்கும்போது, விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க அவரிடம் எந்த அளவுகோலும் இருக்காது. நகை வாங்குபவருக்கு மூன்று கடை அனுபவம் இருக்கிறது. பாலிசி வாங்குபவருக்கு உறவினரின் முகம் மட்டும் இருக்கிறது. குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பெரிய தொகை கிடைக்கச் செய்யும் எளிய டேர்ம் பாலிசிக்குப் பிரீமியம் குறைவு, அதனால் விற்பவருக்கு வரும் கமிஷன் தொகையும் குறைவு. சேமிப்பும் காப்பீடும் கலந்த திட்டங்களே முதலில் முன்வைக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைப் படித்துப் பார்த்து வேண்டாமென்று திருப்பித்தரும் உரிமை இருப்பதை எத்தனை முகவர்கள் தாமாக எடுத்துச் சொல்கிறார்கள்? விற்பவருக்கு இந்த அளவு அதிகாரம் இருக்கும் பொருளில், அந்த ஒரு தகவலைச் சொல்வதை விற்பனைப் பேச்சின் கட்டாயப் பகுதியாகவே ஆக்க வேண்டும்.

இந்த வகைகளெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம். விருதுநகர்ப் பக்கம் மரச்செக்கு வைத்து நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆட்டும் ஒருவர் அண்மையில் என்னைக் கூப்பிட்டிருந்தார். எண்ணெய் நல்ல எண்ணெய், அதில் ஐயமில்லை. அவர் அதை அழகான பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, சுற்றுவட்டார மளிகைக் கடைகள் அத்தனைக்கும் போட்டிருந்தார். பாக்கெட் எண்ணெயின் வரிசையில், அதைவிட வெகுவாக விலை கூடிய பாட்டில் ஏன் இருக்கிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. சரக்கு தேங்கி, கடைக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் போடலாமா என்பது அவர் கேள்வி.

ஒரு தலைமுறைக்கு முன்னால் செக்கெண்ணெய் அன்றாடப் பொருள். தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு வாங்கி வருவார்கள். இப்போது அது நாட்டத்தோடு தேடி வாங்கும் பொருளாக மாறிவிட்டது, ஆனால் அவர் அதை இன்னமும் அன்றாடப் பொருளைப் போலவே விநியோகித்துக்கொண்டிருந்தார். செக்கு ஓடும் கொட்டகைக்கு வருபவர்கள் மட்டும் வாங்காமல் திரும்புவதில்லை என்பதை அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அங்கே கருப்பட்டி போட்டு எள் ஆடுவதைப் பார்க்கிறார்கள், பிண்ணாக்கைக் கையில் எடுத்து முகர்கிறார்கள், அடுத்த மாதம் பாத்திரத்தோடு வருகிறார்கள். கடைகளுக்குப் போட்ட சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் மக்கள் கண்ணெதிரில் ஓடும்படி இரண்டாவது செக்கை அமையுங்கள் என்று சொன்னேன். இப்போது அவர் இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறார்: ஒன்று வாடகை குறைந்த பைபாஸ் சாலை ஷெட், மற்றொன்று வாடகை கூடிய, ஆனால் ஜனங்கள் நடந்து போகும் சந்தைப்பேட்டை. நான் சந்தைப்பேட்டை என்று சொல்லியிருக்கிறேன்.